பைலட்டுக்கு ரிடையர்மென்ட் 65-லயா, 67-லயா, இல்ல வயசு வரம்பே வேணாமா?

விமானக் கம்பெனி பைலட்டுகளோட கட்டாய ரிடையர்மென்ட் வயசை 65-லேர்ந்து 67 ஆக்கலாமான்னு ரொம்ப நாளா ஒரு இழுபறி ஓடிட்டு இருக்கு. 2023-ல அமெரிக்கக் கீழ்சபை 67-க்கு ஓகே சொல்லிச்சு, செனட் கமிட்டி தள்ளிடுச்சு, கடைசியா 2024 மே மாசம் கையெழுத்தான சட்டத்துல அந்த 67 இல்லவே இல்ல. அடுத்த வருஷம் விமானக் கம்பெனிகளோட உலக சங்கமான ஐயாட்டா அதே கோரிக்கைய மான்ட்ரியல்ல நடந்த, ஐநா-வோட விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போச்சு, அங்கயும் வயசு ஏறல. ஆனா இது இதோட முடிஞ்சு போற விஷயம் இல்ல, கண்டிப்பா திரும்ப வரும், அதனால இப்பவே நிதானமா ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடறது நல்லது.

முன்னாடி இருக்கறது நாலு வழி. 65-லயே விட்டுடறது. 67 ஆக்கறது. வயசு வரம்பையே தூக்கிட்டு ஆளாளுக்கு டெஸ்ட் வச்சு முடிவு பண்றது. இல்லேன்னா 65-க்கு அப்புறம் பயணிகள் விமானத்துலேர்ந்து மட்டும் இறக்கிட்டு ட்ரெய்னிங் மாதிரி வேற வேலையில வச்சுக்கறது. பேசறவங்க பெரும்பாலும் முதல் ரெண்டப் பத்தி மட்டுமே சண்டை போடறாங்க, எனக்கு என்னவோ கடைசி ரெண்டுலதான் கத்துக்க வேண்டியது நிறைய இருக்குன்னு தோணுது.

முதல்ல இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தற எஃப்ஏஏ 1960-ல 60 வயசு வரம்பைக் கொண்டு வந்துச்சு. அப்ப ஜெட் விமானங்கள் புதுசு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவரா இருந்த சி.ஆர். ஸ்மித்துக்கு வயசான கேப்டன்கள அனுப்பறதுல யூனியனோட தகராறு, அவர் எஃப்ஏஏ தலைவர் கெசாடாவுக்கு லெட்டர் எழுதி வரம்பு வைக்கச் சொன்னார். அதனால 60-ங்கறது ஏதோ டாக்டருங்க லேப்ல கண்டுபிடிச்ச எல்லைன்னு நினைக்க வேண்டாம், கம்பெனி கணக்கும் அதுல கலந்திருந்துது. அப்புறம் 2006 நவம்பர்ல ஐகாவோ உலக அளவுல 65 ஆக்குச்சு, ஆனா ஒரு கண்டிஷன் போட்டுச்சு, ஒருத்தர் 60 தாண்டினவர்னா பக்கத்துல உக்காரற இன்னொருத்தர் 60-க்குள்ள இருக்கணும். 2014 நவம்பர்ல அந்த ஜோடிக் கண்டிஷனையும் எடுத்துட்டாங்க. தனியா ஒரே பைலட் ஓட்டற கமர்ஷியல் சர்வீசுக்கு மட்டும் ஐகாவோ 60-லயே நிக்க வச்சுது. இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா பக்கத்துல இன்னொரு ஆள் இருக்காரா இல்லையாங்கறதுதான் இந்த மொத்த விவாதத்துக்கும் அடிப்படை.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம். எல்லாருக்கும் முதல்ல வர்ற பயம், கேப்டனுக்கு நடுவானத்துல மாரடைப்பு வந்தா என்ன ஆகும்ங்கறது. இந்த பயத்துக்கு ஏவியேஷன் மெடிசின்ல ஒரு கணக்கே இருக்கு, ஒரு பர்சென்ட் ரூல்னு சொல்வாங்க. ஒரு பைலட் அடுத்த ஒரு வருஷத்துல திடீர்னு செயலிழந்து போற வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குள்ள இருந்தா அவரை ரெண்டு பைலட் காக்பிட்டுல விடலாம்னு அது சொல்லுது. எப்படின்னு பாருங்க. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம், சுமாரா பத்தாயிரம்னு வச்சுக்கலாம். வருஷத்துக்கு நூத்துல ஒண்ணுன்னா ஒரு மணி நேரத்துக்கு பத்து லட்சத்துல ஒண்ணு. அதுலயும் டேக்-ஆஃப், லேண்டிங் மாதிரி ஆபத்தான கட்டம் மொத்த நேரத்துல பத்துல ஒரு பங்குதான், அப்ப அது ஒரு கோடியில ஒண்ணு ஆயிடுது. அந்த ஆபத்தான நேரத்துலயே கேப்டன் சாஞ்சாலும் பக்கத்துல இருக்கறவர் சமாளிக்க முடியாம போறது நூத்துல ஒரு தடவைன்னு எடுத்துக்கிட்டா நூறு கோடி மணி நேரத்துக்கு ஒண்ணு. இந்த அளவுக்கு ரிஸ்க் இருந்தா ஏத்துக்கலாம்ங்கறதுதான் அந்த ரூல்.

இதுல கவனிக்க வேண்டியது, 65-ல திடீர்னு உடம்பு ஒரு கோட்டைத் தாண்டறது இல்ல. வயசு ஏற ஏற ரிஸ்க் ஏறுது, அது நிஜம், ஆனா நிதானமா ஏறுது, ஆளாளுக்கு வேற மாதிரி ஏறுது. 2015-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஃபிளைட் ஃபீனிக்ஸ்லேர்ந்து பாஸ்டன் போறப்ப கேப்டன் இறந்து போனார், வயசு 57. 2024 அக்டோபர்ல சியாட்டில்லேர்ந்து இஸ்தான்புல் கிளம்பின டர்கிஷ் ஏர்லைன்ஸ் விமானத்துல கேப்டன் இறந்தார், வயசு 59, அதே வருஷம் மார்ச்சுல மெடிக்கல் பாஸ் பண்ணினவர். ரெண்டு விமானமும் வேற ஊர்ல பத்திரமா இறங்கிச்சு. அதாவது 60 கூட ஆகாதவங்களுக்கே இது நடக்குது, நடந்தாலும் பக்கத்துல இருக்கறவர் இறக்கிடறார்.

இறக்கிடறார்னு ஈசியா சொல்லிட்டேன், அதுக்குப் பின்னால பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம் இருக்கு. 1972-ல லண்டன் பக்கத்துல ஸ்டேன்ஸ்ல பிஇஏ கம்பெனியோட டிரைடென்ட் விமானம் விழுந்து 118 பேர் இறந்தாங்க. கேப்டனுக்கு 51 வயசு, தனக்கே தெரியாத இதய ரத்தக்குழாய் நோய் இருந்துது, கூட இருந்தவங்க அனுபவம் கம்மியானவங்க, அவரோட தப்பை அவங்களால நேரத்துக்குப் பிடிச்சு சரி பண்ண முடியல. அதுக்கப்புறம்தான் பைலட் செயலிழந்தா என்ன பண்ணணும்னு ட்ரெய்னிங் தீவிரமாச்சு. இப்ப ரன்வேல வேகம் ஏறறப்ப ஒருத்தர் ஸ்பீடைச் சொல்வார், மத்தவர் பதில் சொல்லணும். பதில் வரலேன்னா திரும்பக் கேப்பார், அதுக்கும் பதில் இல்லேன்னா இவர் கன்ட்ரோலை எடுத்துக்கணும், அவ்வளவுதான், அந்த நேரத்துல மரியாதை, சீனியாரிட்டி எதுவும் பாக்கக் கூடாது. அதனால மாரடைப்பை மட்டும் காரணமா வச்சு 67-ஐ எதிர்க்கறதுல பெரிய பலம் இல்லேன்னு நான் நினைக்கறேன்.

ஆனா உடம்பை விட்டுட்டு மூளைப் பக்கம் வந்தா கதை வேற. வயசானா யோசிக்கற வேகம் குறையும், ஒரே நேரத்துல நாலு விஷயத்தை ஞாபகத்துல தாங்கிப் பிடிக்கறது கஷ்டமாகும், ராத்திரி வெளிச்சம் கம்மியான இடத்துல கண்ணு தடுமாறும், தூக்கம் துண்டு துண்டாகும். கடைசில சொன்னத யாரும் பெருசா பேசறது இல்ல, ஆனா நீள ரூட் ஓட்டற பைலட்டுக்கு அதுதான் தினசரிப் பிரச்சனை, பத்து டைம் ஜோன் தாண்டிப் போயி ஹோட்டல் ரூம்ல பகல்ல தூங்கி ராத்திரி திரும்ப ஓட்டணும், முப்பதுல தாங்கற உடம்பு அறுபத்தி ஆறுல அதே மாதிரி தாங்காது.

இதுக்கு எதிர்ப்பக்கம் அனுபவம் இருக்கு, அதை லேசா எடுத்துக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டுல ஒரு குழு 40-லேர்ந்து 69 வயசு வரைக்குமான 118 பைலட்டுகளை மூணு வருஷம் சிமுலேட்டர்ல பாத்து 2007-ல நியூராலஜி பத்திரிகையில எழுதினாங்க. முதல் தடவை டெஸ்ட் பண்றப்ப வயசானவங்க பின்தங்கித்தான் இருந்தாங்க, ஆனா வருஷம் போகப் போக அவங்களோட ஸ்கோர் மத்தவங்க அளவுக்கு விழல, குறிப்பா எதிர்ல வர்ற விமானத்துலேர்ந்து விலகறதுல நல்லா பண்ணினாங்க, உயர் தகுதி இருந்தவங்க எல்லா வயசுலயும் தாக்குப் பிடிச்சாங்க. அவங்க பெரும்பாலும் ஏர்லைன் பைலட் இல்ல, சின்ன விமானம் ஓட்டறவங்க, அதனால இதை வச்சு 67 சரின்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா வயசுங்கற ஒரே நம்பர் ஒரு ஆளைப் பத்தி எவ்வளவு கம்மியா சொல்லுதுன்னு இது காட்டுது. நியூயார்க் ஹட்சன் ஆத்துல விமானத்தை இறக்கின கேப்டன் சல்லன்பெர்கருக்கு அப்ப 57. 1989-ல விமானத்தைத் திருப்ப உதவற ஹைட்ராலிக்ஸ் மொத்தமும் போன டிசி-10-ஐ சூ சிட்டி வரைக்கும் கொண்டு வந்த யுனைடெட் கேப்டன் அல் ஹேன்ஸுக்கும் 57, ரெண்டே வருஷத்துல 60 ஆயிடுச்சுன்னு ரூல் அவரை வீட்டுக்கு அனுப்பிச்சு. இவங்களை உதாரணமா காட்டி வயசை ஏத்தச் சொல்றவங்க நிறைய. எனக்கு அதுல ஒரு தயக்கம் இருக்கு, ஏன்னா ரெண்டு பேருமே 57-ல இருந்தவங்க, 66-ல இல்ல.

மெடிக்கல் டெஸ்ட்டுதான் இருக்கேன்னு கேக்கலாம். 60 தாண்டின ஏர்லைன் பைலட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. இதயம், கண்ணு, காது, ரத்த அழுத்தம் எல்லாம் பாக்கறாங்க. யோசிக்கற வேகத்தை, கவனத்தை யாரு அளக்கறா? அந்த வேலையை சிமுலேட்டர் செக் பாத்துக்கும்னு விட்டிருக்காங்க. சிமுலேட்டர்லயும் பெரும்பாலும் தெரிஞ்ச சமாச்சாரம்தான் வரும், டேக்-ஆஃப்ல ஒரு இன்ஜின் போறது, ஒரு இன்ஜின்ல லேண்ட் பண்றது, இறங்காம திரும்ப மேல ஏறற கோ-அரௌண்ட். முப்பது வருஷம் இதையே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பண்ணின கைக்கு இது பழகிப் போயிருக்கும், மூளை மெதுவானாலும் கை தானா போகும். உண்மையான மந்தம் தெரியணும்னா இதுவரைக்கும் பாக்காத ஒரு சிக்கலைக் கொடுத்துப் பாக்கணும், ரெண்டு மூணு கோளாறு ஒண்ணா வந்து, ரூட்டை மாத்தச் சொல்லி தரையிலேர்ந்து வழி சொல்ற ஏடிசியும் கூப்பிட்டா இவர் எதை முதல்ல எடுக்கறார்னு பாக்கணும். இப்படி ஒரு டெஸ்ட்டை எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சு, இந்த மார்க்குக்குக் கீழ போனா ஓட்டக் கூடாதுன்னு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட அளவுகோல் இன்னும் இல்ல. அந்த அளவுகோல் இல்லாத இடத்தை நிரப்பத்தான் 65-ங்கற நம்பர் உக்காந்திருக்கு.

இதனாலதான் மூணாவது வழி, அதாவது வரம்பே வேணாம்ங்கறது, கேக்க ரொம்ப நியாயமா இருந்தாலும் எனக்கு ஒத்து வரல. வரம்பு இல்லாட்டா ஒவ்வொரு பைலட்டையும் யாராவது ஒருத்தர் பாத்து "நீங்க இனிமே ஓட்ட வேணாம்"னு சொல்லணும். டெஸ்ட் எடுக்கறவர் அவர்கிட்டயே ட்ரெய்னிங் எடுத்தவரா இருப்பார். சொன்னா கேஸ் போடுவாங்க, சொல்லாட்டா விமானம் போகும். லைசென்ஸ் போயிடுமோன்னு பயந்து உடம்புப் பிரச்சனையை மறைக்கறது இந்தத் தொழில்ல ஏற்கனவே இருக்கற வியாதி, வயசு தாண்டினவங்களோட பிழைப்பு முழுக்க ஒரு டெஸ்ட்டையே நம்பி இருந்தா அது இன்னும் அதிகமாகும். ஒரு தேதி இருக்கறதுல ஒரு கௌரவம் இருக்கு, யாரும் ஃபெயில் ஆகல, பிறந்த நாள் வந்துச்சு, கேக் வெட்டி, கடைசி ஃபிளைட்டுக்கு தண்ணி பீய்ச்சி மரியாதை பண்ணி அனுப்பறாங்க. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல எல்லாம் உள்நாட்டுச் சட்டத்துல வயசு வரம்பு இல்லைங்கறது உண்மைதான், ஆனா அங்கயும் வெளிநாட்டு ரூட்டுன்னு வந்தா ஐகாவோ போட்ட எல்லைக் கோடு வந்து நிக்குது.

அந்தக் கோடு எவ்வளவு அழுத்தமானதுன்னு ஒரு கேஸ் காட்டுது. குவாண்டாஸ்ல 747 ஓட்டின ஒரு கேப்டன், 60 வயசுல அனுப்பினது வயசுப் பாகுபாடுன்னு வழக்கு போட்டார், அது ஆஸ்திரேலிய ஹை கோர்ட் வரைக்கும் போயி 1998-ல தீர்ப்பு வந்துச்சு. அவருக்கு உடம்புல குறை எதுவும் இல்ல. ஆனா அப்ப 60 தாண்டினவரைப் பல நாடுகள் தங்களோட வான்வெளியில விடாது, அதனால அவரால பக்கத்துல இருக்கற சில ஊர்களுக்கு மட்டும்தான் ஓட்ட முடியும், அந்த ரூட்டை எல்லாம் இவருக்குன்னு ஒதுக்கினா மத்தவங்களோட ரோஸ்டர், அதாவது டியூட்டி பட்டியல், குலைஞ்சு போகும். கோர்ட் கம்பெனி பக்கம் நின்னுச்சு.

67 விஷயத்துல ஒரு நாடு மட்டும் தனியா ஏத்தினா நடக்கப் போறது இதேதான். 65 தாண்டின ஆளு பெரும்பாலும் சீனியாரிட்டி லிஸ்டோட உச்சியில, வைட்பாடிங்கற பெரிய விமானத்துல, கண்டம் தாண்டற ரூட்ல இருப்பார். ஐகாவோ கோடு 65-லயே இருக்குன்னா அவர் அங்க ஓட்ட முடியாது, உள்நாட்டு ரூட்டுக்கு, சின்ன விமானத்துக்கு இறங்கி வரணும். அந்த விமானத்தைப் பல வருஷமா தொட்டிருக்க மாட்டார், அதனால திரும்ப கிளாஸ், சிமுலேட்டர், செக், நிஜ ஃபிளைட்ல லைன் ட்ரெய்னிங். அவர் இறங்கற சீட்ல ஏற்கனவே இருக்கற கேப்டன் தள்ளப்படுவார், அவர் இன்னொரு ஊர் பேஸுக்கோ ஃபர்ஸ்ட் ஆபீசர் சீட்டுக்கோ போவார், அவருக்குக் கீழ இருக்கறவர் இன்னும் கீழ. ஒருத்தரை ரெண்டு வருஷம் வச்சுக்கறதுக்காக நாலு பேருக்கு ட்ரெய்னிங் கொடுக்க வேண்டியிருக்கும், அந்த நாலு பேரும் ட்ரெய்னிங்ல இருக்கற நாள்ல ஒரு ஃபிளைட்டும் ஓட்ட மாட்டாங்க. அமெரிக்காவுல பைலட்டுகளோட ஆல்பா யூனியன் எதிர்த்ததுக்கு முக்கியமான காரணங்கள்ல இது ஒண்ணு, யூனியன் சுயநலம்னு இதை ஒதுக்கறவங்க ரோஸ்டர் எப்படி ஓடுதுன்னு பாக்காதவங்க. ஜப்பான் 2015-லேர்ந்து 67 வயசு முடியற வரைக்கும் ஓட்ட விடுது, கூடுதல் மெடிக்கலோட, ஆனா அந்த நாட்டுக்கு உள்நாட்டு ரூட்டே ரொம்ப பெருசு, அதை அப்படியே எல்லாரும் காப்பி அடிக்க முடியாது.

பைலட் பற்றாக்குறைக்கு இது மருந்துன்னு சொல்றாங்களே, அதை ஒரு நிமிஷம் பாக்கலாம். 2020-ல கோவிட் வந்தப்ப கம்பெனிகள் காசு கொடுத்து சீனியர்களை முன்கூட்டியே அனுப்பிச்சாங்க, ரெண்டு வருஷத்துல கூட்டம் திரும்பி வந்ததும் ஆள் இல்லேன்னு அலறினாங்க. போயிங் 2024-ல போட்ட கணிப்புப்படி அடுத்த இருபது வருஷத்துல உலகத்துக்கு 6,74,000 புது பைலட் வேணும். இந்த நம்பருக்கு முன்னாடி ரெண்டு வருஷ நீட்டிப்புங்கறது ஒரே ஒரு தடவை கிடைக்கற மூச்சு. ரெண்டு வருஷத்துக்கு யாரும் ரிடையர் ஆக மாட்டாங்க, மூணாவது வருஷம் அதே அலை அதே உயரத்துல வரும். அதுலயும் 65 வரைக்கும் வர்றவங்க எல்லாரும் தொடர மாட்டாங்க, மெடிக்கல்ல தகுதி போனவங்க, நீண்ட நாள் லீவுல இருக்கறவங்க, போதும்டா சாமின்னு கிளம்பறவங்க எல்லாம் உண்டு. பற்றாக்குறை அதிகமா வலிச்சது சின்ன ஊர்களுக்கு ஓட்டற ரீஜனல் கம்பெனிகள்ல, 65-ல நிக்கற கேப்டன்கள் அதிகமா இருக்கறது பெரிய கம்பெனிகள்ல. ஃபிளையிங் ஸ்கூல் செலவைக் குறைக்கறது, லோன் கொடுக்கறது, இன்ஸ்ட்ரக்டர் சம்பளத்தை ஏத்தறது, இதெல்லாம் மெதுவான வேலை, ஆனா பைலட் எண்ணிக்கை கூடறது அதுலதான்.

இளைய பைலட்டுகளோட வலியை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அதை வெறும் பொறாமைன்னு பலர் நினைக்கறாங்க. ஏர்லைன்ல எல்லாமே சீனியாரிட்டி நம்பர்தான். எந்த ஊர் பேஸ், எந்த விமானம், எந்த மாசம் லீவு, தீபாவளிக்கு வீட்ல இருப்பியா கிறிஸ்துமஸுக்கு இருப்பியா, எப்ப கேப்டன் ஆவ, எல்லாத்தையும் அந்த நம்பர் முடிவு பண்ணும். மேல ஒருத்தர் போனாத்தான் கீழ இருக்கறவர் ஒரு படி ஏறுவார். ரெண்டு வருஷம் யாரும் போகலேன்னா லிஸ்ட் முழுக்க ரெண்டு வருஷம் உறைஞ்சு நிக்கும். அமெரிக்காவுல 2007 டிசம்பர்ல 60-ஐ 65 ஆக்கினாங்க, அடுத்த வருஷமே பொருளாதாரச் சரிவு வந்துச்சு, ரெண்டும் சேந்து கீழ இருந்தவங்களை அஞ்சு வருஷத்துக்கு மேல அதே சீட்ல உக்கார வச்சுது, பலரை லே-ஆஃப் பண்ணி வீட்டுக்கே அனுப்பிச்சாங்க.

இதுக்கு எல்லாரும் சொல்ற பதில், "உனக்கும்தான் கடைசில ரெண்டு வருஷம் கூடுதலா கிடைக்குமே." கிடைக்கும், உடம்பு ஒத்துழைச்சா. ஆனா முப்பத்தஞ்சு வயசுல லோன் கட்டிட்டு, குழந்தை வளத்துட்டு இருக்கறப்ப கிடைக்க வேண்டிய கேப்டன் சம்பளத்தை எடுத்து அறுபத்தி ஆறு வயசுல தர்றேன்னு சொல்றது ஒரே கணக்கு இல்ல. நடுவுல மெடிக்கல்ல தகுதி போயிட்டா அந்த ரெண்டு வருஷம் வரவே வராது, முன்னாடி இழந்தது இழந்ததுதான். அதே நேரம் 64 வயசுக்காரர் பக்கமும் பேசணும், கம்பெனி திவாலாகி பென்ஷன் போனவங்க, விவாகரத்துல பாதி போனவங்க, ரெண்டு லே-ஆஃப் பாத்து தாமதமா மேல வந்தவங்க, அவங்களுக்கு அந்த கடைசி ரெண்டு வருஷம்தான் வாழ்க்கையிலயே அதிக சம்பளம் வாங்கற ரெண்டு வருஷம். யாரையும் பேராசைக்காரங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நாலாவது வழிக்கு ஐரோப்பா ஒரு நல்ல அடித்தளம் போட்டுக் கொடுத்திருக்கு. 2011-ல ஐரோப்பிய நீதிமன்றம் லுஃப்தான்சா பைலட்டுகளை 60-லயே அனுப்பற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லிச்சு, சட்டமே 65 வரைக்கும் விடறப்ப கம்பெனி 60-ல நிறுத்தறது அளவுக்கு மீறினதுன்னு. 2017-ல இன்னொரு கேஸ்ல, பயணிகள், சரக்கு ஏத்திட்டுப் போற கமர்ஷியல் சர்வீசுக்கு 65 வரம்பு சரிதான், ஆனா காலி விமானத்தை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போறது, ட்ரெய்னிங் கொடுக்கறது, செக் எடுக்கறதுக்கெல்லாம் அந்த வரம்பு பொருந்தாதுன்னு தெளிவா பிரிச்சுச்சு. எனக்கு இந்தப் பிரிவு ரொம்ப பிடிச்சிருக்கு. கத்துக் கொடுக்கறதுலதான் முப்பத்தஞ்சு வருஷ அனுபவத்தோட பலன் முழுசா கிடைக்கும், ஒரு கேப்டன் ஒரு ஃபிளைட்ல ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசருக்குச் சொல்லித் தர்றதை சிமுலேட்டர் ஹால்ல வருஷத்துக்கு நூறு பேருக்குச் சொல்லித் தரலாம், இன்ஸ்ட்ரக்டர் பஞ்சமும் தீரும், ஜெட்லாக்கும் இல்ல. குறை என்னன்னா சம்பளம். லைன் கேப்டன் வாங்கறதுல பாதி கூட பல இடத்துல வராது, அதனால நல்லவங்க வர மாட்டாங்க. கம்பெனிகள் 67-க்காக செலவு பண்ற லாபியிங் காசை இந்த இன்ஸ்ட்ரக்டர் சம்பளத்துல போட்டா பாதி பிரச்சனை தீரும்.

அப்ப என் முடிவு என்னன்னா, இன்னைக்கு நிலைமையில 65-லயே நிக்கணும், 65 தாண்டினவங்களுக்கு ட்ரெய்னிங் சீட்டை நல்ல சம்பளத்தோட திறந்து விடணும். 67-ஐ நான் நிரந்தரமா எதிர்க்கல. ஐகாவோ எல்லா நாட்டுக்கும் சேத்து ஒரே நாள்ல ஏத்தினா, புதுச் சிக்கலைக் கொடுத்துப் பாக்கற சிமுலேட்டர் டெஸ்ட் முன்னாடியே நடைமுறைக்கு வந்திருந்தா, நான் 67-க்கு ஓட்டு போடுவேன். பழைய ஜோடிக் கண்டிஷனும் திரும்ப வேணும், ஐயாட்டா கேட்டதுலயே அது இருந்துது, ஒருத்தர் 65 தாண்டினா மத்தவர் 65-க்குள்ள. மாரடைப்புக்கு இந்த ஜோடி ரூல் பெருசா தேவையில்ல, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வர்றது நடக்காத காரியம். ஆனா விடியக்காலை நாலு மணிக்கு பன்னண்டு மணி நேரம் ஓட்டின களைப்புல மூளை மந்தமாகறது ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே வரும், அங்க ஒரு இளசு பக்கத்துல இருக்கறது பெரிய பாதுகாப்பு. 2014-ல அந்த ரூலை எடுத்தப்ப மாரடைப்புக் கணக்கை மட்டும் பாத்தா சரியாத்தான் தெரியும், களைப்புக் கணக்குக்கு அது போதாது.

இன்னொண்ணு, எப்ப ஏத்தினாலும் தேதியை முன்கூட்டியே சொல்லிட்டு ஏத்தணும். 2007 டிசம்பர் 13-ம் தேதி அமெரிக்காவுல அந்தச் சட்டம் கையெழுத்தான நாளே அமலுக்கு வந்துடுச்சு. 12-ம் தேதி 60 முடிச்ச லைன் கேப்டன் திரும்ப வரணும்னா புது ஆளா, சீனியாரிட்டி லிஸ்டோட அடியிலேர்ந்து வரணும், 14-ம் தேதி 60 ஆனவர் அதே சீட்ல இன்னும் அஞ்சு வருஷம் உக்காந்தார். ரெண்டு வருஷ நோட்டீஸ் கொடுத்து, வருஷத்துக்கு ஆறு மாசம்னு படிப்படியா ஏத்தினா மேல இருக்கறவங்களும் திட்டம் போட்டுக்கலாம், கீழ இருக்கறவங்களுக்கும் லிஸ்ட் மொத்தமா உறையாம மெதுவாவாவது நகரும்.